பேயாகும் உரிமை

பேய் உண்டா இல்லையா என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை கூறும் தகுதி எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால், இறந்தவருள் யார் யார் பேயாகலாம், யார் யார் ஆகக்கூடாது என்று ஒரு கணக்கு உலகில் நடைபெற்று வருகின்றதே, அந்தக் கணக்கைப் பற்றிச் சில சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். மலாக்காப் பட்டணத்தில், பழைய விடுதி ஒன்றில் நான் கழித்த ஓர் இரவே இந்த எண்ணத்திற்கு வித்து.

உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காகச் சென்றிருந்தேன். தங்கும் இடத்தை என் மகன் ஏற்பாடு செய்திருந்தான். 2008ஆம் ஆண்டில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் உலக மரபு நகரங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்ட பின்னர், பழைய பட்டணத்து வீடுகள் பல விடுதிகளாக மாறின. அவற்றுள் ஒன்று அது. விடுதியின் பெயர் இங்கே வேண்டா. செல்வச் சீனர் குடும்பம் ஒன்று ஒரு காலத்தில் வாழ்ந்த மாளிகை. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் மரத்தாலான மாடி. தேய்ந்து நடுப்பகுதி குழிந்த படிகள். அறை வாடகை என் ஓய்வூதியத்திற்குச் சற்று மிகுதியே.

இரவு பத்து மணிக்கு மேல் வாயிலில் காவல் காக்கும் அன்பரோடு பேச்சுக் கொடுத்தேன். தமிழர்; அறுபது வயதிருக்கும். தோட்டத்து வேலை போனபின் பட்டணத்துக்கு வந்து 'ஜாகா' வேலையில் அமர்ந்தவர். நான் எந்த அறையில் தங்கியிருக்கின்றேன் என்று கேட்டார். சொன்னேன். சிறிது தயங்கி, "மாடிப்படி பக்கத்து அறைங்களா?" என்றார். பிறகு கதையைச் சொன்னார். வெள்ளைக் கெபாயா அணிந்த ஒரு பெண் நள்ளிரவுக்குப் பின் அந்தப் படியில் இறங்கி வருவாளாம். வீட்டுக்காரரின் இளைய மனைவியாம், மனமுடைந்து இறந்தவளாம். வெளிநாட்டு விருந்தினர் இதைக் கேட்டு அஞ்சுவதில்லை. அந்த அறையே வேண்டும் என்று கேட்டு வாங்குகின்றார்கள் என்றார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன். பழைய மரம் பகலில் வெப்பத்தால் விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஓசை எழுப்பும் என்பதை மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்தவன். மலாக்காவின் ஈரக்காற்றில் அந்த ஓசை இன்னும் கூடும். இத்தனையும் அறிந்திருந்தும் அன்றிரவு என் அறைக்கதவின் தாழ்ப்பாளை இருமுறை இழுத்துப் பார்த்தேன். பேயைத் தாழ்ப்பாள் தடுக்குமா என்றால் தடுக்காது. பேயில்லை என்பவன் தாழ்ப்பாளைச் சோதிப்பதும், பேயுண்டு என்பவன் தாழ்ப்பாளை நம்புவதும் ஒரே வகை அறியாமைதான். அந்த நகைப்போடு படுத்தவனுக்கு உறக்கம் வரவில்லை. அஞ்சியதனால் அன்று, என் பாட்டியின் நினைவு வந்ததனால்.

பாட்டியிடம் வருமுன் மலாக்காவின் பெரிய பேய்க்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியவுடன் கோட்டை கட்டினர். அதற்கான கற்களுள் பல, மசூதியையும் மன்னர்களின் கல்லறைகளையும் இடித்து எடுக்கப்பட்டவை. கட்டியவர்கள் அடிமைகள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1807இல், ஆங்கிலேயர் ஆட்சியில் வில்லியம் ஃபர்குவார் அக்கோட்டையை இடிக்கலானார். இன்று மீதமிருப்பது ஒரு வாயில் மட்டுமே. சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றார்கள். அந்த இடிப்பைச் சிறுவனாக இருந்து கண்ட ஒருவர் பிற்காலத்தில் அதை எழுதி வைத்தார். அவர்தாம் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூர் வந்து மணம் புரிந்துகொண்டவரின் வழித்தோன்றல். மலாக்கா வணிகர்க்குத் தமிழ் இன்றியமையாததாக இருந்த அக்காலத்தில் முறையாகத் தமிழ் பயின்றவர். அவர்தம் 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் மலாய் நூல் 1849இல் அச்சேறியது.

அந்நூலில் அவர் கூறும் செய்தி இது. கோட்டைக்குள் பேய்களும் பூதங்களும் குடியிருப்பதாக ஊரார் நம்பினர். இடிக்கும் வேலைக்கு வர ஆட்கள் அஞ்சினர். கூலியை உயர்த்தியும் தயங்கினர். வந்தவர்களுள் சிலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பேய் அறைந்தது என்றனர். முடிவில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர்; யானை அளவும் வீட்டளவும் உள்ள கற்கள் பறந்தன.

இதைப் படித்து நம் முன்னோரின் மூடநம்பிக்கை என்று நகைப்பவர் உண்டு. நானும் ஒரு காலத்தில் நகைத்தவன்தான். இப்பொழுது வேறாகத் தோன்றுகின்றது. உயரமான மதிலிலிருந்து பெரும் பாறைகளைப் பெயர்க்கும் வேலையில் கூலியாட்கள் இறந்தார்கள் என்பது மெய். 'இந்த வேலை எங்களைக் கொல்கின்றது, நாங்கள் வரமாட்டோம்' என்று துரையிடம் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. 'பேய் அடிக்கின்றது, வரமாட்டோம்' என்று சொல்லலாம். அதற்குத் தண்டனை இல்லை. நகைப்பு மட்டுமே உண்டு. எளியவனின் விண்ணப்பம் சில காலங்களில் பேய்க்கதை வடிவில்தான் எழுதப்படுகின்றது என்பது என் துணிபு. கல்லறைக் கற்களைப் பெயர்த்து மதிலாக்கிய செயல் தவறு என்பதை மூன்று நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருந்ததும், ஒருவேளை, அந்தக் கதையேயாகலாம்.

ஆனால் கதை சொல்வோர் மாறும்பொழுது பேயும் மாறிவிடுகின்றது.

பேராக், பத்து காஜா அருகே கெல்லி மாளிகை என்று ஒன்று உண்டு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி 1915ஆம் ஆண்டளவில் அதைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுகின்ற கைகளும் தமிழகத்திலிருந்தே வந்தன. முதல் உலகப் போரையொட்டிப் பரவிய நச்சுக் காய்ச்சல் அந்தத் தொழிலாளர் பலரை வாரிக்கொண்டு போயிற்று. அஞ்சிய தொழிலாளர் வேண்டிக்கொண்டபடி ஸ்மித் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தந்தார். நன்றியறிதலாக அக்கோயிலின் மேல் துரையின் உருவத்தையும் வைத்தார்கள் நம்மவர்கள்; இன்றும் காணலாம். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முடிவுறாமலே நின்றுவிட்டது.

அங்கே பேய் உலவுவதாகச் சொல்லாதவர் இல்லை. நான் ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது பிள்ளைகள் முன்கூட்டியே கதையை அறிந்து வைத்திருந்தனர். யாருடைய பேய்? துரையின் பேய் தாழ்வாரத்தில் நடக்கின்றதாம். துரை மகளின் பேய் அறையில் தெரிகின்றதாம். துரையோ கடல் கடந்து லிஸ்பனில் மடிந்தவர்; அங்கேயே மடிந்து, அம்மண்ணிலேயே புதைந்தவர்கள் செங்கல் சுமந்தவர்கள். பேயாக உலவ எவருக்கேனும் முதல் உரிமை உண்டென்றால் அவர்களுக்கன்றோ உண்டு? ஒரு கொத்தனாரின் ஆவியை, ஒரு சித்தாளின் ஆவியை அங்கே கண்டதாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

மும்பையின் தாஜ்மகால் விடுதிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதை வரைந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், தாயகம் சென்று திரும்பி வந்து பார்த்தபோது கட்டடம் திசை மாறி நிற்கக் கண்டு, மனம் நொந்து மேலிருந்து குதித்து இறந்தாராம். அவர் ஆவி இன்றும் உலவுகின்றதாம். உண்மை என்ன? அதை முதலில் வரைந்தவர் சீதாராம் கண்டேராவ் வைத்யா என்னும் இந்தியர். பணி முடியுமுன்பே காய்ச்சலில் இறந்தார். மீதியை முடித்தவர் டபிள்யு. ஏ. சேம்பர்ஸ் என்பவர். 1903 டிசம்பரில் விடுதி திறக்கப்பட்டது. ஆக, பணியின் நடுவே உண்மையாகவே இறந்தவருக்குக் கதை இல்லை. இறக்காதவரைச் சாகடித்துப் பேயாக்கியிருக்கின்றார்கள்!

இனி என் பாட்டி.

1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டுக் காட்டியதிலிருந்து மலாக்காவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான் என் தாத்தா பால் மரம் வெட்டினார். 1943இல் ஜப்பானியர் ஆட்சியில், சயாமில் இரயில் பாதை போடும் வேலை, நல்ல கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆட்களை லாரியில் ஏற்றினார்கள். எங்கள் லயத்திலிருந்து அவரும் போனார். என் தந்தைக்கு அப்போது வயது எட்டு.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர் ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. வாந்திபேதி, மலைக்காய்ச்சல், பட்டினி, அடி ஆகியவற்றால் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குத் துல்லியமான ஏடு இல்லை. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையருக்கு ஏடு இருந்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர்க்குத் தனித்தனிக் கல் உண்டு. பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுக்கு அந்த மரியாதை செய்ததை நான் குறை கூறவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டியது அது. பக்கத்திலேயே மாண்ட நம்மவரின் எலும்பு காட்டுக்கு உரமாயிற்று என்பதை மட்டும் சொல்லிக்கொள்கின்றேன்.

பாட்டி 1978 வரை வாழ்ந்தாள். தாலியைக் கழற்றவில்லை. இரவில் லயத்து வீட்டுக் கதவைச் சாத்துவாள்; தாழிட மாட்டாள். மற்ற வீடுகளில் பேய்க்கு அஞ்சிப் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். தோட்டத்தில் பேய்களுக்குக் குறைவில்லை. பிள்ளைப்பேற்றில் இறந்தவள் கிணற்றடியில், தூக்கிட்டுக்கொண்டவன் இருபதாம் நம்பர் காட்டில் என்று ஒவ்வோர் இடத்திற்கும் ஒருவர் இருந்தார். எல்லைக்குக் காவலாக முனியாண்டியும் இருந்தார். சிறுவனாக நான் பாட்டியிடம் கேட்டேன்: "தாழ்ப்பாள் போடாட்டி பேய் வந்துடாதா, பாட்டி?" அவள் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கின்றது. "வந்தா வரட்டும்யா. பேயாவாச்சும் வரட்டும்."

அந்தச் சொல்லின் பொருள் அப்பொழுது எனக்கு விளங்கவில்லை. பிறருக்குப் பேய் என்பது கேடு. அவளுக்கு அது கிடைக்காத பேறு. சயாமுக்குப் போன எவரும் எங்கள் தோட்டத்திற்குப் பேயாகக்கூடத் திரும்பவில்லை. பேயாவதற்கும் ஓர் இடம் வேண்டும். இன்ன நாளில், இன்ன இடத்தில் இறந்தார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். கதையைக் கேட்க ஒரு திண்ணை வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாதவன் இறந்தவனும் ஆகான், வாழ்பவனும் ஆகான்.

பேயை இப்படிப் பரிந்து பேசுவதா என்று பகுத்தறிவு நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் சினத்தில் நியாயம் உண்டு. பேய் பிடித்ததென்று ஓர் இளம் பெண்ணை வேப்பிலையால் அடித்துத் தீப்புகை காட்டியதை நான் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். அவளுக்கு வந்தது வலிப்பு நோய் என்பது பின்னாளில் தெரிந்தது. அதற்குள் பூசாரிக்குக் கொடுத்த பணம் இரண்டு மாதச் சம்பளம். அந்தக் கொடுமையை ஒழிக்கவே நான் ஆசிரியனாக நின்று போராடினேன். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆயின் அந்த வேகத்தில் நான் வேறொன்றும் செய்தேன். பாட்டியும் தந்தையும் ஆண்டுதோறும் தாத்தாவுக்குப் படையல் வைத்து வந்தனர். இறந்த திதி தெரியாததால் தீபாவளிக்கு முதல் நாள், மற்ற முன்னோரோடு சேர்த்து ஓர் இலை. தந்தை மறைந்தபின், 1994இல், அதை நான் நிறுத்தினேன். செத்தவர் சோறு தின்பாரா என்று மனைவியிடம் வாதிட்டேன். வாதத்தில் வென்றேன். அதன்பின் என் வீட்டில் தாத்தாவின் பெயரை யாரும் உச்சரித்ததாக நினைவில்லை. என் மகனுக்கு அவர் பெயர் தெரியாது.

வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கும்பொழுது தென்புலத்தாரை முதலில் வைத்தார். விருந்தும் சுற்றமும் அதன்பின்தான் வருகின்றன. தொல்காப்பியர் வீரனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாக விரித்தார். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அத்தனை பொறுமையோடு செய்த இனம் இது. 2024இல் காஞ்சனபுரியில் இரயில் பாதையில் மாண்ட தமிழர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்து! அச்செய்தியை நான் நாளிதழில் படித்தேன். மகிழ்ந்தேன். மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்றேன்.

மலாக்காவின் கஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்ப் பேச்சை இழந்து மலாய் பேசுகின்றவர்கள் அவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. போகியை ஒட்டியும், கனிகள் பழுக்கும் ஆண்டு நடுப்பகுதியிலும் 'பார்ச்சு' என்று முன்னோரை அழைத்து அவர்கள் இலையிட்டுப் படைக்கின்றார்கள். மொழியை இழந்தவர்கள் இறந்தவரை இழக்கவில்லை. மொழியைக் காத்ததாகப் பெருமை கொள்ளும் நான்? இந்த ஒப்புமை எனக்குச் சுவையாக இல்லை.

அந்த விடுதி அறையில் விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டு இவற்றையெல்லாம் எண்ணினேன். யார் என்றே தெரியாத, ஒருவேளை இருந்தேயிராத ஒரு செல்வ வீட்டுப் பெண்ணின் துயரத்தோடு ஓர் இரவு தங்க, நான் பணம் கொடுத்திருக்கின்றேன். பிறர் துயரைக் கேட்டுக் கிளர்ச்சி அடைவது பாவமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கண்ணகிக்காக அழுகின்றவர் அனைவரும் மதுரையில் இருந்தவர் அல்லர். விடுதிக்காரர் மீதும் பழி இல்லை. கேட்பவர் இருப்பதால் கதை விற்கின்றது. ஆனால் தொலைவில் உள்ள துயரத்தில் ஓர் ஆறுதல் உண்டு; அது நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. படியில் இறங்கி வருபவள் என்னைப் பார்த்து, 'என் இலை எங்கே?' என்று வினவ மாட்டாள். அதனால்தான் அவளுக்கு அஞ்சுவது இவ்வளவு இன்பமாக இருக்கின்றது போலும்.

நள்ளிரவுக்குப் பின் படி கிறீச்சிட்டது மெய். மரம் சுருங்கியிருக்கும். எழுந்து தாழ்ப்பாளை நீக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீக்கவில்லை.

விடியலில் பெட்டியோடு கீழே வந்தபோது காவலர் வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஏதாச்சும் வந்துச்சுங்களா, ஐயா?"

"கதவைத் தாழ் போட்டிருந்தேன், அண்ணே" என்றேன். சிரித்தார்.

எதிர்ச்சாரியில் இருந்த ஒட்டுக்கடையில் இருவரும் தேநீர் குடித்தோம். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவருடையது அடுத்த தோட்டம். லயம் இடிந்து செம்பனை நட்டு, இப்பொழுது அதிலும் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டதாம். பேச்சுவாக்கில் சயாம் வந்தது. அவருடைய தாத்தாவும், தாத்தாவின் தம்பியும் போனவர்கள். தம்பி மட்டும் திரும்பினாராம், வற்றிய உடம்போடு. அதிகம் பேசமாட்டாராம், மழை பெய்யும் இரவுகளில் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம்.

"இதை விருந்தினர்க்கு நீங்கள் சொன்னதுண்டா?" என்று கேட்டேன்.

"இதை யாரு கேப்பாங்க, ஐயா? அவங்க கெபாயாக்காரியைத்தான் கேக்கறாங்க" என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக இயல்பாக, ஊர்ப்பேச்சில் எவரும் கேட்பதைப் போலக் கேட்டார்: "உங்க தாத்தாவுக்கு எந்த நாள்லைங்க படைக்கிறீங்க? எங்க வீட்டுல தீபாவளிக்கு முதல் நாளு."

ஜாசின் பக்கம் செல்லும் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி விடைக்காக நின்றார்.